வலிக்காத முள்காயம்

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை உண்டு. வயலில் காலில் கருவேல முள் குத்தி நான்கு நாளாகிறது. வலியே இல்லை என்கிறார். விட்டுவிடலாமா? எதிர்ப்புச் சக்திக்கு டானிக் கொடுக்கலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: வலி இல்லாததுதான் கவலை. நாள்பட்ட சர்க்கரையில் பாத நரம்பு மரத்துப்போகலாம். அப்போது சீழ் வைத்தாலும் தெரியாது. நாளைக்குள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். அதுவரை புண்ணைச் சுற்றியுள்ள சிவப்பின் ஓரத்தைப் பேனாவால் கோடிட்டு வையுங்கள். சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, மற்ற காலைவிடச் சுட்டாலோ, நாறினாலோ உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்காகக் காத்திருக்காதீர்கள், காரணமின்றிச் சர்க்கரை ஏறுவதே முதல் அறிகுறியாகலாம்.

முள் நுனி உள்ளே ஒடிந்திருந்தால் புண் ஆறாது. ஊசியால் நோண்ட வேண்டாம். மஞ்சள், சுண்ணாம்புப் பற்றும் கூடாது, நிறமே மறைந்துவிடும். சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட்டு 5 ஆண்டு தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். எதிர்ப்புச் சக்திக்கு டானிக்கா? சர்க்கரை ஏறிக் கிடந்தால் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். முதலில் சர்க்கரையைக் குறையுங்கள்.