பன்னிரண்டு வார அட்டவணை

அன்புள்ள அக்கா,

நான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன். ஏழு வருடம் ஒரு கட்டட நிறுவனத்தில் புரொஜெக்ட் கோர்டினேட்டர் வேலை. எந்த மாடிக்கு எப்போது கொங்கிரீட், லிஃப்ட் எப்போது வரும் என்று அட்டவணை போட்டே பழகியவன். ஜனவரியில் அதை விட்டு ஒரு சமூக சேவை அமைப்பில் சேர்ந்தேன். வடகொழும்பில் 22 குடும்பங்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் எக்செலில் பன்னிரண்டு வாரத் திட்டம் போட்டேன். ஆறாவது வாரம் பார்த்தால் ஒரு குடும்பம்கூட அட்டவணைப்படி இல்லை. "மனிசர் கட்டடம் இல்லைத் தம்பி" என்றார் எங்கள் மேற்பார்வையாளர். தெரிந்த தொழிலை எல்லாம் வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்த வேலைக்குள் வர வேண்டுமா?

ஒரு வாசகர், கொழும்பு 13

அன்புள்ள தம்பி,

கழற்ற வேண்டாம். உங்கள் மேற்பார்வையாளர் சொன்னதும் சரிதான். இரண்டும் எப்படிச் சரியாகும் என்பதை நான் வேலை செய்த காலத்துச் சம்பவங்கள் இரண்டை வைத்துச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

மட்டக்குளிப் பக்கம் ஒரு தோட்டம். கொழும்பில் தோட்டம் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஒரு குழாயை நாற்பது வீடு பங்குபோடும் இடம். அங்கே ஒரு பையன், அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இல்லை. அது இல்லாமல் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க முடியாது. அட்டை இல்லாமல் பரீட்சை மண்டபத்தில் சிக்கல். எங்கள் அமைப்பிலிருந்து மூன்று பேர் அந்த வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தோம். ஒருவர் ரியூஷனுக்கு ஏற்பாடு செய்தார், ஒருவர் பாடசாலைப் பையும் கொப்பிகளும் கொடுத்தார், நான் தாயோடு உட்கார்ந்து பேசினேன். எல்லாரும் உழைத்தோம். பத்து வாரம் போயும் அத்தாட்சிப் பத்திர விஷயம் மட்டும் அசையவே இல்லை.

புதிதாக வந்த ஒரு மேற்பார்வையாளர் ஒரு தாளைத் திருப்பிப் பரீட்சைத் திகதியை வலது ஓரத்தில் எழுதினார். அங்கிருந்து பின்னோக்கி வந்தார். பரீட்சைக்கு முன் அட்டை, அட்டைக்கு முன் பாடசாலை வழியாக ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு விண்ணப்பம், அதற்கு முன் பத்திரம். பிறந்து மூன்று மாதத்துக்குள் பதியாததால் காலங்கடந்த பதிவுதான் வழி. பிள்ளை பிறந்த இடம் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயம், ஆகவே விண்ணப்பம் போக வேண்டியதும் அந்தப் பக்கத்துப் பிரதேச செயலகத்துக்கு. உங்கள் துறையில் இதற்கு முக்கியப் பாதை என்று பெயர். 1950களின் கடைசியில் டியூபொன்ட் என்ற அமெரிக்க இரசாயன நிறுவனத்தின் தொழிற்சாலைகளுக்காக உருவான கணக்கு அது. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று போகும் வேலைச் சங்கிலிகளில் எது மிக நீளமோ அதில் ஒரு நாள் பிந்தினால் முழு வேலையும் ஒரு நாள் பிந்தும். மற்ற வேலைகளை எவ்வளவு வேகமாக முடித்தாலும் முடிவுத் திகதி அசையாது. நாங்கள் மூன்று பேர் பத்து வாரம் செய்த எதுவும் அந்தச் சங்கிலியில் இல்லை என்று அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அப்புறம் அவர் தாயிடம் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஹட்டனுக்குப் போக உங்களுக்கு எந்த நாள் வசதி?" அந்தத் தாய் வெள்ளவத்தையில் இரண்டு வீடுகளில் வேலை செய்தார். நாட்சம்பளம். லீவு ஞாயிறும் பௌர்ணமிப் போயாவும். அந்த இரண்டு நாளும் அரசாங்க அலுவலகமும் பூட்டு. வேறு நாளில் போனால் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும், சொல்லாமல் நின்றால் ஒரு வீட்டு வேலையே போகலாம். தடை அவ்வளவுதான். ஒரு நாள் கூலியும், அந்த வீட்டு அம்மாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பும். எங்கள் கோப்பில் "தாய் ஒத்துழைப்புக் குறைவு" என்று எழுதியிருந்தது. எழுதியது நான். இன்றைக்கும் அந்த வரி எனக்கு வலிக்கும்.

ஹட்டனுக்கு இரண்டு தடவை போக வேண்டி வந்தது. அட்டை பரீட்சைக்கு ஒன்பது நாளுக்கு முன் கைக்கு வந்தது. ஆகவே உங்கள் தொழிலை வாசலில் விட்டுவிட்டு வராதீர்கள் தம்பி. எங்களுக்கு அது தேவை.

இனி மற்றது. வீட்டில் அடிவாங்கிக்கொண்டிருந்த ஒரு பெண். அவருக்காக நான் போட்ட திட்டத்தில் நான்காவது வாரம் பொலிஸ் முறைப்பாடு, ஆறாவது வாரம் நீதிமன்றம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம், பன்னிரண்டு மாதம் வரை கிடைக்கும். சட்டம் எனக்குத் தெரியும், திகதியும் போட்டாயிற்று. ஐந்தாவது வாரம் நான் கொஞ்சம் அழுத்திக் கேட்டேன். ஆறாவது வாரம் அவர் கதவைத் திறக்கவில்லை. பிறகு நான்கு மாதம் அவரைப் பார்க்க முடியவில்லை.

ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிய முடிவு அவருடையதே என்பது சமூகப்பணியில் முதல் பாடங்களில் ஒன்று. அதை நான் படித்துத்தான் வந்திருந்தேன். என் அட்டவணைதான் அதை மறக்கச் செய்தது. கொங்கிரீட் இறுகும் நாளைக் கணக்கிடலாம். ஒரு பெண் "சரி, போவோம்" என்று சொல்லும் நாளை அவரே முன்கூட்டி அறியமாட்டார்.

ஆனால் அன்றைக்கும் திட்டம் போட்டிருக்க வேண்டிய இடம் ஒன்று இருந்தது. நான் அதைத்தான் போடவில்லை. பத்திரங்களின் பிரதி ஒன்று எங்கள் கையில், தங்குவதற்கு ஒரு இடம் பேசி வைத்தபடி, பிள்ளைகளின் பாடசாலையில் யாரிடம் சொல்வது, 1938 என்ற பெண்கள் உதவி இலக்கம் அவருக்கு மனப்பாடம், சிங்களத்தில் படிவம் நிரப்பக் கூட வருபவர் யார். நான்கு மாதம் கழித்து அவரே ஒரு மாலையில் வந்தார். எதுவும் தயாராக இல்லை. எல்லாவற்றையும் ஒழுங்கு செய்ய மூன்று நாள் பிடித்தது. அந்த மூன்று நாளும் அவர் பயந்தபடி ஒரு உறவினர் வீட்டில் இருந்தார். அவர் வரும் நாள் என் கையில் இல்லை. வந்தால் ஒரு மணித்தியாலத்தில் எல்லாம் நடக்கும்படி வைத்திருப்பது முழுக்க என் கையில் இருந்தது.

உங்கள் எக்செலில் எது கட்டடம், எது மனிசர் என்று இப்போது நீங்களே பிரிக்கலாம். கடிதம் எழுதுவது, பிரதேச செயலகத்துக்குப் போவது, வைத்தியசாலைக் கிளினிக் திகதி, நன்கொடையாளர் அறிக்கை இவை எங்கள் வேலை. இவற்றுக்கு நாளும் பொறுப்பாளும் கட்டாயம் போடுங்கள், தவறினால் உங்களையே கேளுங்கள். குடும்பம் எடுக்க வேண்டிய முடிவுகளுக்கு எதிரே திகதியை அழித்துவிடுங்கள்.

சிவப்பு நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். திட்டம் பிந்தினால் கட்டத்தைச் சிவப்பாக்கும் பழக்கம் உங்களுக்கும் இருக்கும். குடும்பத்தின் பெயருக்குச் சிவப்பு அடிக்காதீர்கள். நாலு பேர் திறந்து பார்க்கும் கோப்பில் ஒரு குடும்பம் சிவப்பானால், அடுத்ததாகப் போகும் உத்தியோகத்தர் அந்த வீட்டுக்குள் நுழையும் முகமே வேறாக இருக்கும். நாம் செய்யாமல் விட்ட வேலைக்குச் சிவப்பு அடியுங்கள்.

நிதி முடியும் திகதியையும் முதல் நாளே எழுதி வையுங்கள். இங்கே ஆட்கள் ஒரு வருட ஒப்பந்தத்தில் வருகிறோம், போகிறோம். புதியவர் வரும்போதெல்லாம் அந்தப் பெண் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கட்டட வேலையில் சாவியையும் வரைபடங்களையும் கையளிக்காமல் ஒருவரும் சைட்டை விட்டுப் போவதில்லை அல்லவா? அந்தப் பழக்கத்தை எங்கள் துறைக்குக் கொண்டுவாருங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

22 குடும்பத்தையும் ஒரே நேரத்தில் திருத்தப் பார்க்க வேண்டாம். இந்த வாரம் ஒரு குடும்பத்தை எடுங்கள். கணினியை ஒபிஸில் வைத்துவிட்டு ஒரு தாளும் பென்சிலும் கொண்டுபோங்கள். அவர்களுக்கு எந்தத் திகதி முக்கியமென்று கேட்டு, அதை வலது ஓரத்தில் அவர்கள் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாள் அவர்கள் வீட்டில் இருக்கட்டும், உங்களுக்கு ஒரு பிரதி போதும்.

அன்புடன்,
அக்கா