மகனின் வீடியோ கேமில் பிள்ளையாரும் லூசிஃபரும்: பயப்பட வேண்டியது எதற்கு?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. ‘பெர்சோனா 5’ என்ற ஜப்பானிய கேமை விளையாடுகிறான். எட்டிப் பார்த்தால் விநாயகர், விஷ்ணு, காளி எல்லோரும் இருக்கிறார்கள், கூடவே சாத்தான் என்கிறார்களே, அந்த லூசிஃபர். சிறை மாதிரி ஓர் அறையில் இரண்டு உருவங்களைக் கில்லட்டின் என்ற தலைவெட்டும் கருவியில் வெட்டி ஒன்றாக்குகிறான். டாரட் சீட்டுகள் வேறு. “கடைசியில சாமியையே சுடணும்மா” என்கிறான். இது ஏதாவது மாந்திரீக சமாச்சாரமா? நிறுத்திவிடலாமா?

பதில்: மாந்திரீகம் இல்லை. ஆனால் 14 வயதுப் பையனுக்கு இந்த கேம் ஏற்றதா என்றால் எனக்கும் தயக்கம் உண்டு. அந்தத் தயக்கத்துக்குக் காரணம் லூசிஃபர் அல்ல. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கில்லட்டின். அதைப் பார்த்து நீங்கள் பதறியது நியாயம்தான். ‘பெர்சோனா’ என்பது முகமூடியைக் குறிக்கும் லத்தீன் சொல். ஊருக்காக நாம் போட்டுக்கொள்ளும் முகத்தை உளவியலாளர் கார்ல் யுங் அந்தச் சொல்லால் குறித்தார். கேமில் விநாயகரும் காளியும் அப்படிப்பட்ட முகமூடிகள்தான். அங்கே வெட்டப்படுவது தெய்வம் அல்ல. பழைய முகங்கள் இரண்டு கழன்று புதிது ஒன்று வருகிறது. கதாநாயகன்மேல் பொய்க் குற்றம் சுமத்தப்பட்டிருப்பதால் அவன் மனதுக்குள் இருக்கும் அறையும் சிறையாகவே தெரிகிறது.

சரி, நம்ம சாமி ஏன் அங்கே போனார்? அவர் போய் ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்குப் போன சரஸ்வதி அங்கே பென்சாய்டென். கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற ஜப்பானிய நரம்பு வாத்தியம். விநாயகர் காங்கிடென். டோக்கியோவில் அசகுசா பக்கம் மட்சுசியாமா ஷோடென் என்று அவருக்கு ஒரு கோயில் உண்டு. கொழுக்கட்டை அல்ல, முள்ளங்கி படைக்கிறார்கள். நமக்கு முப்பத்து முக்கோடி தேவர்கள் என்றால் அவர்களுக்கு எண்பது லட்சம் காமிகள், அதாவது தெய்வங்கள். இரண்டும் ‘எண்ணி முடியாது’ என்பதற்கான கணக்குதான். குழந்தை பிறந்தால் ஜப்பானின் சொந்த மதமான ஷின்டோவின் ஆலயம், கல்யாணத்துக்குத் தேவாலயம் போன்ற மண்டபம், சாவுக்குப் பௌத்தக் கோயில் என்று வாழ்வது அங்கே சகஜம். அந்த ஊரில் கேம் செய்பவர்களுக்கு எல்லா மதமும் ஒரே அலமாரியில் இருக்கும் புத்தகங்கள் மாதிரி.

அதில் ஒரு வம்பும் உண்டு. ‘பெர்சோனா’வுக்குத் தாய் வரிசையான ‘மெகாமி டென்செய்’ (1987) கேம்களில் விஷ்ணு முதல் குட்டிச்சாத்தான் வரை எல்லோருக்கும் ‘அக்குமா’ என்று ஒரே பெயர். பேய் என்று பொருள். இது உறுத்தினால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

எந்தப் பெயர் அலங்காரம், எதில் விஷயம் இருக்கிறது என்று பார்க்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். பெயரை மாற்றிப் பார்ப்பேன். ‘ஃபைனல் ஃபேன்டசி’ என்ற இன்னொரு ஜப்பானிய கேம் வரிசையில் 1990-இலிருந்து ‘சிவா’ என்று ஒருவர் வருகிறார். யார் தெரியுமா? பனிக்கட்டி வீசும் நீல நிறப் பெண்! அவருக்குப் ‘பனிமலர்’ என்று பெயர் வைத்தாலும் கதையில் ஒரு செங்கல்கூட நகராது. சும்மா அலங்காரம்.

உங்கள் மகனின் கேமில் சிவன் வரும் வழி வேறு. பாரோங், ரங்டா என்ற இரண்டு முகமூடிகளைச் சேர்த்தால்தான் சிவன் கிடைப்பார். இருவரும் பாலித் தீவின் சடங்கு நாடகத்தில் மோதிக்கொள்பவர்கள். பாரோங் காவல் தெய்வம், ரங்டா சூனியக்காரிகளின் அரசி. அந்தச் சண்டையில் யாருக்கும் முழு வெற்றி கிடையாது. காப்பதும் அழிப்பதும் சேருமிடத்தில் சிவனை வைத்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. எனக்குப் பிடித்த இடம் இது.

டாரட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 15-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் சாதாரணச் சீட்டாட்டமாகப் பிறந்தது. ஜோசியம் அதில் ஒட்டிக்கொண்டது 18-ஆம் நூற்றாண்டில். கேமில் ஒவ்வொரு நண்பருக்கும் ஒரு சீட்டு, அவ்வளவுதான்.

அப்புறம் அந்த ‘சாமியைச் சுடுவது’. அவன் சொல்வது யால்டபாவோத். ஞானவாதிகள் என்று அழைக்கப்பட்ட பழைய கிறிஸ்தவப் பிரிவினரின் ஏடுகளில் வரும் பெயர். 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த சுவடிகளிலும் இருக்கிறது. இவன் உண்மையான பரம்பொருள் அல்ல. தானே கடவுள் என்று பீற்றிக்கொண்டு மனிதரை அறியாமையில் அடைத்துவைக்கும் போலிப் படைப்பாளி. கேமில் இவன் எப்படி உருவாகிறான் என்றால், ‘யோசிக்கிற வேலை நமக்கு வேண்டாம், யாராவது நம்மை ஆண்டால் போதும்’ என்ற ஊர் மக்களின் ஆசையிலிருந்து. இந்தப் பெயரை எடுத்துவிட்டால் கதையே சரிந்துவிடும். ஆக, உங்கள் மகன் சுடுவது பூஜை அறையில் இருக்கும் சாமியை அல்ல.

இப்போது என் தயக்கம். அமெரிக்காவில் இந்த கேமுக்கு 17 வயதுக்கு மேல் என்றும் ஐரோப்பாவில் 16 என்றும் தரச்சான்று. முதல் வில்லன் பேயோ பிசாசோ இல்லை. பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர். மாணவர்களை அடிக்கிறார், மாணவிகளிடம் தவறாக நடக்கிறார். ஒரு பெண் பள்ளி மாடியிலிருந்து குதிக்கிறாள். இதெல்லாம் ஆரம்பத்திலேயே வந்துவிடும். கதை அந்தக் குழந்தைகளின் பக்கம்தான் நிற்கிறது. இருந்தாலும் 14 வயதில் தனியாக உட்கார்ந்து பார்க்கிற காட்சிகள் இல்லை இவை.

அவன் கடைசிக் கட்டம் வரை வந்துவிட்டதாகத் தெரிகிறது; இப்போது பிடுங்கி வைத்துப் பயனில்லை. ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து, “அந்த பி.டி. வாத்தியார் கதையைச் சொல்லு” என்று கேளுங்கள். சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். “உங்க ஸ்கூல்ல யாராவது இப்படி இருக்காங்களா?” என்று கடைசியில் மெதுவாகக் கேளுங்கள்.