சாட்ஸ்வொர்த் வீட்டில் ஐந்தாம் நாள்

கேள்வி: கும்பகோணம் எனக்குச் சொந்த ஊர், வயது 24. தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு, ஓராண்டு சம்பளமில்லாமல் தமிழ் சொல்லித்தரத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்திருக்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு தங்கியிருக்கிறேன். வந்து ஐந்து நாள்தான் ஆகிறது. வீட்டில் யாருக்கும் தமிழ் பேச வரவில்லை. பிள்ளைகள் ‘வணக்கம்’ சொன்ன கையோடு ஆங்கிலத்துக்குப் போய்விடுகிறார்கள். ஆண்ட்டி அன்பானவர்தான், ஆனால் பக்கத்துக் கடைக்குக்கூடத் தனியாக விடுவதில்லை. பாத்திரம் தேய்க்கப் போனால் பிடுங்கி வைத்துவிடுகிறார். நான் சைவம், முதல் நாள் மேசை நிறைய ஆட்டுக்கறியும் நண்டும். சனிக்கிழமை வகுப்பு ஆரம்பம். ராத்திரியில் பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். தமிழே இல்லாத இடத்தில் நான் எதற்கு? திரும்பிப் போய்விடலாமா?
– பெயர் வேண்டாம், டர்பன்

பதில்: குழாய் உத்தி எனக்கும் தெரியும் அம்மா. இருபது வருடத்துக்கு முன் அதே ஊரில், ஒரு வீட்டின் பின்னறையில் எட்டு மாதம் தங்கித் தமிழ் நடத்தியவள் நான். அந்த வீட்டுச் சுவர் மெல்லிசு. குழாய் சத்தத்தையும் மீறி எல்லாம் கேட்கும், ஆண்ட்டி கேட்காத மாதிரி இருந்தார்.

முதலில் சாப்பாட்டை முடித்துவிடுவோம். ‘ஐயாம் ஃபாஸ்டிங் டுடே’ என்று நான் தங்கிய வீட்டு ஆண்ட்டி சொன்னதைக் கேட்டு, பாவம், பட்டினி கிடக்கிறாரே என்று நினைத்தேன். மத்தியானம் பார்த்தால் தட்டு நிறையச் சோறு, பருப்பு, பீன்ஸ் கறி! அங்கே ஃபாஸ்டிங் என்றால் கவுச்சி கிடையாது, அவ்வளவுதான். செவ்வாய், வெள்ளி அப்படி இருப்பவர்கள் உண்டு, புரட்டாசி முழுக்க இருப்பவர்களும் நிறைய. அதற்கென்று தனிப் பாத்திரம் வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. ஆகவே ‘வருஷம் முழுக்க எனக்கு ஃபாஸ்டிங், ஆண்ட்டி’ என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பார், அப்புறம் சமைத்துவிடுவார். பாத்திரத்துக்காக மல்லுக்கட்ட வேண்டாம். ரொட்டி தேய்க்கச் சொல்லித்தரும்படி கேளுங்கள். இந்தியா மேப் மாதிரி வந்தால் வீட்டுக்கே ஒரு வாரத்துக்குப் பேச்சு கிடைக்கும்.

வெளியே விடாதது உங்கள் மேல் சந்தேகத்தால் அல்ல. ஜன்னலுக்குக் கம்பி, வாசலுக்கு ரிமோட் கேட், ராத்திரிக்கு அலாரம் என்று வாழ்கிறவர்கள் அவர்கள். இருட்டின பிறகு நடந்து போகாதீர்கள், தெருவில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். ‘பகலில் எதுவரை நடக்கலாம், யாரோடு போகலாம்?’ என்று கேட்டு ஒரு ஏற்பாட்டுக்கு வாருங்கள். கூட்டிப்போகிறேன், ‘ஜஸ்ட் நவ்’ என்று அவர் சொன்னால் உடனே செருப்பு மாட்டாதீர்கள். அந்த ஊர் ஜஸ்ட் நவ் அரை மணியும் ஆகும், சாயங்காலமும் ஆகும். இதெல்லாம் அன்பான வீட்டுக்குச் சொல்வது. அறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, யாரோ ஒருவர் நடந்துகொள்ளும் விதம் சரியில்லை என்றால் பொறுத்துப் பார்க்கவே வேண்டாம், உங்களை அழைத்தவர்களிடம் அன்றே சொல்லுங்கள்.

‘தமிழே இல்லாத இடம்’ என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உங்களோடு சண்டை. 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. 1911 வரை ஏறக்குறைய 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள், பெரும்பாலோர் மதராஸ் வழியாக. கரும்புக்காட்டில் பிழைத்து, வீடு கட்டி, கோயில் கட்டி, தமிழ்ப் பள்ளியும் நடத்தினார்கள். 1950-ல் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டம் வந்தது. இருந்த இடத்தைவிட்டு ஜனங்களைக் கிளப்பினார்கள். நீங்கள் படுத்துறங்கும் சாட்ஸ்வொர்த்தே அப்படி உண்டான ஊர்தான். பள்ளிக்கூடம், வேலை எல்லாம் ஆங்கிலம். பேச்சு போய்விட்டது. ஆனால் சாமி அறையில் காமாட்சி விளக்கு எரிகிறதா இல்லையா, பாருங்கள். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்து. அதற்குப் பெயர் ‘போரிட்ஜ் பிரேயர்’. ‘வீ ஆர் டமில்’ என்று ஒருவர் சொன்னால், பல நேரம் சாமி கும்பிடும் முறையைச் சொல்கிறார், பேசும் மொழியை அல்ல. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியல் சாசனத்தில், வளர்க்கவும் மதிக்கவும் வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழும் இருக்கிறது.

இது புரியாமல் நான் ஒரு காரியம் செய்தேன். கோயிலில் ஒரு பாட்டி, ஆங்கில எழுத்தில் எழுதிய நோட்டைப் பார்த்துத் தேவாரம் பாடினார். ‘ழ’ எல்லாம் ‘ல’. எல்லார் முன்னாலும் திருத்தினேன். பாட்டி சிரித்தார், நோட்டை மூடிப் பையில் வைத்தார். நான் ஊர் திரும்பும்வரை என் எதிரில் அவர் பாடவே இல்லை. அந்த நோட்டை வாங்கித் தமிழ் எழுத்தில் படியெடுத்துக் கொடுத்திருக்கலாம். அந்த யோசனை விமானத்தில்தான் வந்தது. உங்கள் ஆண்ட்டியிடமும் அப்படி ஒரு நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள்.

சனிக்கிழமைக்கு 247 எழுத்து அட்டையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தாத்தா, ஆயா, அக்கா, ரசம்: பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்களைப் பலகையில் ஏற்றுங்கள். அப்புறம் அவரவர் குடும்பப் பெயர். கோவெண்டர் என்பது கவுண்டர், மூட்லி என்பது முதலி என்று தெரிந்தால் கண் விரியும். ஆனால் நம் ஊர்ச் சாதிக் கணக்கை அங்கே போட்டுவிடாதீர்கள். அங்கே அது பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர், அவ்வளவே.

இன்னொன்று. ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கிள் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வரலாம். உள்ளே முப்பாட்டனார் கப்பலேறிய பதிவின் நகல்: ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், ஜில்லா, ஊர். வட ஆர்க்காடு என்றோ செங்கல்பட்டு என்றோ ஜில்லாவைப் படித்துவிடலாம். குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் கிறுக்கிய ஊர்ப்பெயர்தான் அந்த வீட்டில் யாருக்கும் பிடிபடாது. நீங்கள் வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் ஒருவேளை பிடிபடும். நான் எதற்கு என்று கேட்டீர்களே, இதற்கும்தான். சொந்தக்காரர்களைத் தேடித் தருகிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அம்மாவுக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் போடாதீர்கள், கும்பகோணத்தில் அப்போது ஒன்றரை. சாயங்காலம் நாலரைக்குப் பேசுங்கள், அங்கே எட்டு மணி, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். மூன்று மாதம் கழித்தும் குழாய் ஓடிக்கொண்டிருந்தால் எனக்கு எழுதுங்கள். டிக்கெட் பற்றி அப்போது பேசலாம்.