சுவிட்சை அழுத்தினால் ‘டிக்’ சத்தம் மட்டும்

அண்ணாச்சி, பாபநாசத்தில் நிறுத்திய கேரவனில், பக்கவாட்டில் வெளியே நீளும் நகரும் அறை பாதியில் நின்றுவிட்டது, ‘டிக்’ சத்தம் மட்டும் கேட்கிறது என்கிறீர்கள். மோட்டாரைக் கழற்றிவிடாதீர்கள். அந்தச் சத்தம், சுவிட்சை அழுத்தியதும் மின்சாரத்தைத் திறந்துவிடும் ரிலேயினுடையது; மோட்டாருக்குப் போதிய மின்சாரம் போகவில்லை என்றே சந்தேகிக்கிறேன்.

வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்துக்கொண்டு, ஒருவரைச் சுவிட்சை அழுத்தச் சொல்லுங்கள். சும்மா இருக்கையில் 12.6 வோல்ட் காட்டுவது பெரிதல்ல. அழுத்தும்போது 10க்குச் சரிந்தால் முதலில் பேட்டரியைத்தான் பிடிக்க வேண்டும். சரியவில்லையா, வண்டியின் இரும்புச் சட்டத்தில் முடுக்கிய எர்த் வயரைப் பாருங்கள். குற்றாலச் சாரலில் நனைந்த என் வண்டியில் அதன் தாமிர முனை பச்சை பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்தேன், அறை நகர்ந்தது.

அதற்குள் மழை வந்துவிட்டால், மோட்டாரில் பிரேக் நெம்புகோல் உள்ள வகையானால் அதை விடுவித்து, கைப்பிடியால் சுற்றி அறையை உள்ளே இழுக்கலாம். புறப்படுமுன் பிரேக்கை மறுபடி பூட்டுங்கள். இல்லையேல் திருப்பத்தில் அறை தானாக வெளியே வரப் பார்க்கும்.