ஒளிக்கு உச்ச வேகம் இருக்கிறது, நகர்வதற்குக் குறைந்தபட்ச வேகம் இருக்கிறதா?

கேள்வி: ஒளியை மிஞ்சி எதுவும் போக முடியாது என்கிறார்கள். அதேபோல, நின்ற பொருள் நகர ஆரம்பித்தால் இதற்குக் கீழே வேகமே கிடையாது என்று ஒரு கீழ் எல்லை உண்டா?

இதுவரை தெரிந்த இயற்பியலில் இல்லை.

எனக்கும் இந்தச் சந்தேகம் ரொம்ப நாள் இருந்தது. காரணம் காட்பாடி–பாகாயம் டவுன் பஸ். நின்றுகொண்டே போனவர்களுக்குத் தெரியும்: பிரேக் போட்டதும் பஸ் மெல்ல மெல்லக் குறைந்து வரும், நிற்கிற நொடியில் பின்பக்கமாக ஒரு வெட்டு. கம்பியை விட்டிருந்தால் பின்னால் இருப்பவர் காலை மிதிப்போம். மணிக்கு 2 கி.மீ. வரை இறங்கிவிட்டு அங்கிருந்து ஒரேயடியாகப் பூஜ்யத்துக்குக் குதித்த மாதிரிதான் இருக்கும்.

உண்மையில் குதிப்பது வேகம் குறைகிற வீதம். பூஜ்யத்தைத் தொட்டதும் அந்தக் குறைதல் சட்டென்று நின்றுவிடுகிறது. அதுவரை பிரேக்கை எதிர்த்து உடம்பை விறைத்து நின்ற நாம், எதிர்க்க ஒன்றும் இல்லாமல் பின்னால் சாய்கிறோம். கைதேர்ந்த டிரைவர் கடைசியில் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்துவார், வெட்டே தெரியாது. எப்படி நிறுத்தினாலும், இடையில் உள்ள எல்லா வேகத்தையும் தொட்டுவிட்டுத்தான் வண்டி நிற்கும்.

சரி, கீழ் எல்லை இல்லை என்பதற்கு இதைவிட வலுவான காரணம் பள்ளிகொண்டா டோல்கேட் பக்கம் ஹைவேயில் கிடைக்கும். ஒரு லாரி 60-இல் போகும், அதை இன்னொரு லாரி 61-இல் முந்தும். பின்னால் மாட்டிக்கொண்டவர் பாடு திண்டாட்டம். முதல் லாரிக்காரர் பார்வையில் பக்கத்து லாரி மணிக்கு 1 கி.மீ. வேகத்தில் ஊர்கிறது. 'அரை கி.மீ.க்குக் கீழே நகரக் கூடாது' என்று இயற்கை விதித்திருந்தால், 60-க்கும் 60.5-க்கும் நடுவே பக்கத்து லாரிக்கு எந்த வேகமும் இருக்க முடியாது. முதல் லாரி 59.8-க்கு இறங்கினால் தடையும் கூடவே இறங்க வேண்டும். இப்படி ஆளுக்கொரு தடை வைத்தால், போக வேகமே மிஞ்சாது.

ஏனென்றால் ஓய்வு என்பது ஆளுக்கு ஆள் மாறும். வேலூர்க் கோட்டை நமக்கு அசையாமல் நிற்கிறது, பூமியின் அச்சை வைத்துப் பார்த்தால் மணிக்குச் சுமார் 1,600 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது. ஒளியின் வேகம் மட்டும் யார் அளந்தாலும் ஒன்றே. அதனால்தான் அது எல்லையாக இருக்க முடிகிறது.

இயற்பியலில் மிக மிகச் சிறிய அளவுகளாகச் சொல்லப்படும் பிளாங்க் நீளத்தைப் பிளாங்க் நேரத்தால் வகுத்தால் குறைந்தபட்ச வேகம் வருமே என்று சிலர் கேட்பார்கள். வகுத்துப் பாருங்கள், வருவது ஒளியின் வேகமேதான்!

அணு அளவிலான பொருள்களைப் பற்றிய குவாண்டம் இயற்பியலில் மட்டும் ஒரு சங்கதி உண்டு. பெட்டிக்குள் அடைத்த எலக்ட்ரானால் முழுசாக ஓய முடியாது. 1 மீட்டர் பெட்டி என்றால், அடிமட்ட நிலையில் (ஆற்றல் மிகக் குறைந்த நிலையில்) அதன் வேகம் நொடிக்குச் சுமார் 0.36 மி.மீ. பெட்டியை 10 மீட்டராக நீட்டினால் 0.036 மி.மீ. ஆகிவிடும். இன்னும் நீட்டினால் இன்னும் குறையும்.