ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை இறக்கலாமா, வேண்டாமா? செங்கோட்டைப் பட்டறையிலிருந்து பதில்கள்

பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் மலைக்கு இந்தப் பக்கமிருந்தும் அந்தப் பக்கமிருந்தும் கேட்டவை இவை. எங்கள் ஊர் 1956 வரை திருவாங்கூரோடு இருந்தது. பட்டறையில் இன்றும் பாதிப் பேச்சு மலையாளம்தான். பதிலை மட்டும் முழுத் தமிழில் சொல்லப் பார்க்கிறேன்.

அண்ணாச்சி, அப்பா காலத்து 1965 இம்பாலா, பவர்கிளைடு கியர்பாக்ஸ். புளியறை தாண்டி ஏத்தத்துல எஞ்சின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. சமவெளியில ஒரு குறையும் இல்ல. பாக்ஸை இறக்கிடவா? (புளியறை)

இறக்காதீர்கள். பவர்கிளைடில் முன்னோக்கி இரண்டே கியர். ஏற்றத்தில் லோ கியரில் கிடக்கும்போது உள்ளே இருக்கும் டிரம்மைச் சுற்றிப் பிடித்திருப்பது ஒரே ஒரு பேண்ட், அதாவது பட்டை. ஹை கியருக்குப் போனதும் அது விட்டுவிடும், கிளட்ச் பிளேட்டுகள் பிடித்துக்கொள்ளும். ஹை நன்றாக இருக்கிறது, லோ மட்டும் நழுவுகிறது என்றால் சந்தேகம் பேண்ட் மேல்தான் போக வேண்டும். அதை வெளியிலிருந்தே சரிசெய்யலாம்.

அதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவி ஒரு சொட்டு எண்ணெயை வெள்ளைத் தாளில் வையுங்கள். சிவப்பாகப் பரவினால் நல்லது. கறுத்து, நடுவில் பொடி தங்கி, அடிப்பிடித்த வாடை வந்தால் பிளேட்டோ பேண்டோ தீய்ந்திருக்கிறது. அப்போது இறக்கத்தான் வேண்டும்.

எண்ணெய் நன்றாக இருந்தால் பாக்ஸின் இடது பக்கத்தில் இருக்கும் அட்ஜஸ்டர் திருகின் லாக் நட்டைத் தளர்த்தி, திருகை 70 இன்ச் பவுண்டு முறுக்குவிசை வரை இறுக்குங்கள். பிறகு சரியாக நான்கு சுற்று பின்னால் விடுங்கள். பேண்ட் புதிது, 6,000 மைல்கூட ஓடவில்லை என்றால் மூன்று சுற்று. "ஏறக்குறைய நாலு" என்பது இங்கே எடுபடாது, வாய்விட்டு எண்ணுங்கள். லாக் நட்டை முறுக்கும்போது திருகு கூடவே சுற்றாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். எண்ணிய நாலும் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஏனுங்க மேஸ்திரி, பென்ஸ் டபிள்யூ 123, டீசல் ஆட்டோமேட்டிக். ஒவ்வொரு கியர் மாறும்போதும் முதுகுல குத்துற மாதிரி இருக்குதுங்க. பாக்ஸ் உள்ளார உடைஞ்சிருக்குமுங்களா? (கோழிஞ்சாம்பாறை)

உடைந்திருக்க வாய்ப்புக் குறைவுங்க. அந்த வண்டியில் கியர் எவ்வளவு மென்மையாக விழ வேண்டும் என்று பாக்ஸுக்குச் சொல்வது வேக்வம், அதாவது குழாய்க்குள் காற்றை உறிஞ்சி உண்டாக்கும் இழுப்பு. டீசல் எஞ்சினில் அதற்கென்று தனிப் பம்பு உண்டு. வேக்வம் குறைந்தால், டிரைவர் ஆக்சிலரேட்டரை நன்றாக மிதிக்கிறார் என்று நினைத்துப் பாக்ஸ் அழுத்தத்தைக் கூட்டிவிடும். அதுதான் முதுகில் விழும் குத்து. கதவு லாக்குகளும் அதே வேக்வத்தில் ஓடுவதால் எங்கேயோ ஒரு கதவுக்குள் ஓட்டை விழுந்தாலும் கியர் குத்தும்! ரப்பர் முனைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நாற்பது வருட ரப்பர், விரலால் வளைத்தாலே வெடிப்பு தெரியும்.

பிறகு, பாக்ஸில் அந்த வேக்வத்தை வாங்கும் மாடுலேட்டரிலிருந்து குழாயைக் கழற்றுங்கள். குழாய்க்குள் சிவப்பு எண்ணெய் இருந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. மாடுலேட்டரை மாற்றினால் போதும்.

ஆசானே, சோதனையெல்லாம் பார்த்தாச்சு, பவர்கிளைடை இறக்கியே ஆகணும். முதல் தடவை. எதில் கவனம் வேணும்? (புனலூர்)

முதலில் உங்கள் உயிரில். பாக்ஸோடு எண்ணெயும், எஞ்சின் சுழற்சியைப் பாக்ஸுக்குக் கொடுக்கும் கன்வெர்ட்டரும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு நெல்மூட்டைக் கனம். வண்டியை நான்கு ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை நம்பியோ செங்கல்லை அடுக்கியோ கீழே போகாதீர்கள்.

பேட்டரி வயரை எடுத்துவிட்டு எண்ணெயை வடியுங்கள். பின் அச்சுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றுமுன் இரண்டு பக்கமும் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள், திரும்ப அதே நிலையில் பூட்டினால் அதிர்வு வராது. ஸ்பீடோமீட்டர் கேபிள், கியர் லிங்க், வேக்வம் குழாய், கூலர் குழாய்கள் எல்லாம் கழன்றபின், எஞ்சினோடு சுற்றும் தட்டான ப்ளெக்ஸ் பிளேட்டிலிருந்து கன்வெர்ட்டரை விடுவியுங்கள். கன்வெர்ட்டர் பாக்ஸோடுதான் இறங்க வேண்டும். இறங்கும்போது முன்னால் வழுக்கி விழாதபடி குறுக்கே ஒரு பட்டை கட்டுங்கள்.

இறக்குவது பாதி வேலைகூட இல்லை. ஏற்றுவதில்தான் நான் அடிபட்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பாக்ஸை ஏற்றினேன். எஞ்சினுக்கும் பாக்ஸுக்கும் நடுவே விரல்கடை இடைவெளி நின்றது. போல்ட்டை முறுக்கினால் தானாக வந்து சேரும் என்று முறுக்கினேன். வந்து சேர்ந்தது, 'டக்'கென்று ஒரு சத்தத்தோடு. பம்பின் உள் கியர் உடைந்திருந்தது. மூன்று நாள் வேலையை மறுபடி முதலிலிருந்து செய்தேன், கூலி இல்லாமல்.

கன்வெர்ட்டர் மூன்று இடத்தில் விழ வேண்டும்: இன்புட் ஷாஃப்ட் பல்லில் ஒன்று, ஸ்டேட்டர் பல்லில் ஒன்று, கடைசியாகப் பம்பில். மெல்ல அழுத்திக்கொண்டே சுற்றினால் ஒவ்வொரு முறையும் உள்ளே இறங்குவது உள்ளங்கைக்குத் தெரியும். பாக்ஸ் எஞ்சினோடு கையாலேயே ஒட்டி உட்கார வேண்டும். உட்கார்ந்த பிறகும் கன்வெர்ட்டர் தனியாகச் சுற்ற வேண்டும், ப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் பின்னால் இழுத்து மறுபடி பாருங்கள். போல்ட்டால் இழுக்காதீர்கள்.

கழுதுருட்டியில், பதிமூணு கண் பாலத்துப் பக்கம் நின்னு போச்சு. செங்கோட்டைக்குக் கட்டி இழுத்துட்டு வரலாமா? (ஆரியங்காவு)

பின்சக்கரம் தரையில் உருள இழுக்காதீர்கள். எஞ்சின் ஓடாதபோது முன் பம்பும் ஓடாது, பெரும்பாலான பாக்ஸ்களில் உள்ளே எண்ணெய் போகாமல் எல்லாம் உலர்ந்து உராயும். ப்ரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுக்கலாம். லாரியில் ஏற்றிவிட்டால் கவலையே இல்லை.

எண்ணெய் பால் டீ நிறத்துல இருக்கு. மாத்தி ஊத்தினா சரியாகுமா? (கம்பம்)

ஆகாது. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. கிளட்ச் பிளேட்டில் ஒட்டியிருப்பது ஒருவகைக் காகிதம். தண்ணீர் பட்டால் ஊறி, பசை விட்டு, உரிந்துவிடும். அத்தனை பிளேட்டும் புதிதாகப் போட வேண்டும், கன்வெர்ட்டரையும் கழுவ வேண்டும். ரேடியேட்டரைச் சரிசெய்யாமல் பாக்ஸை மட்டும் சரிசெய்தால் ஒரே மாதத்தில் மறுபடி டீதான்.

பிரிச்சாச்சு அண்ணாச்சி. துபாயில இருக்க மச்சான் பெட்டியில சீல் கிட்டும் வந்தாச்சு. கோக்கும்போது என்ன பார்க்கணும்? (தென்காசி)

காட்டன் வேஸ்ட்டைப் பட்டறைக்கு வெளியே எறியுங்கள். அதன் ஒரு நூல் போதும் வால்வை ஒட்டவைக்க. மண்ணெண்ணெயில் கழுவி, காற்றடித்து உலர்த்துங்கள், துணியே வேண்டாம். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற மாதங்களில் கழுவிய ஸ்டீல் பிளேட்டை இரவு முழுக்க வெறுமனே வைத்தால் காலையில் துரு பூத்திருக்கும். உலர்ந்ததும் ஆட்டோமேட்டிக் எண்ணெயைத் தடவி மூடி வையுங்கள்.

புதுக் கிளட்ச் பிளேட்டை அப்படியே போடக் கூடாது. ஆட்டோமேட்டிக் எண்ணெயில் ஒரு மணி நேரமாவது ஊற வேண்டும். நான் முந்தின நாள் ராத்திரியே ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டுவிடுவேன். காலையில் பார்த்தால் எண்ணெய் மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும், அத்தனையும் குடித்திருக்கும்.

சீலுக்கும் ஓ-ரிங்குக்கும் கிரீஸ் வேண்டாம். அது எண்ணெயில் கரையாமல் போய் ஃபில்டரை அடைக்கும். வாசலின் தடவுங்கள், சூட்டில் கரைந்துவிடும். உதடு வைத்த சீலை உள்ளே தள்ளும்போது உதடு மடங்கிவிட்டால் வெளியிலிருந்து தெரியவே தெரியாது. அதனால் டிரம் கோர்த்ததும் எண்ணெய் வழியில் கொஞ்சமாகக் காற்று விட்டுப் பாருங்கள். 'தப்' என்று பிளேட் சேர்ந்து, காற்றை விட்டதும் விலக வேண்டும். 'புஸ்' என்று ஒழுகினால் அப்போதே பிரியுங்கள்.

ரெண்டு கியர் பெட்டிக்கு இவ்வளவு செலவா? மேனுவல் பாக்ஸ் மாத்திட்டா என்ன? (களியக்காவிளை)

மாற்றலாம். அதற்குக் கிளட்ச் பெடல், ஃப்ளைவீல், ஷாஃப்ட் நீளம் என்று வேலை நீண்டுகொண்டே போகும். வண்டியும் பிறந்த வண்டியாக இருக்காது. என் பட்டறையில் செய்ய மாட்டேன், வேறு யாரும் செய்தால் தப்புச் சொல்லவும் மாட்டேன்.

பூட்டி முடிச்சாச்சு ஆசானே. நேரா மலையேத்தலாமா? (தென்மலை)

முதலில் எஞ்சினை ஸ்டார்ட் அடிப்பதற்கு முன்பே நான்கு லிட்டர் டெக்ஸ்ரான் வகை ஆட்டோமேட்டிக் எண்ணெய் ஊற்றுங்கள். காய்ந்த பம்பை ஓட்டாதீர்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மட்டம் சட்டென்று இறங்கும், ஓடவிட்டபடியே சேர்த்துக்கொண்டே வாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு ஒவ்வொரு கியரிலும் சில நொடி நிறுத்துங்கள். சூடேறியபின் வண்டி சமதரையில் நிற்க, எஞ்சின் ஓட, மட்டம் பாருங்கள். கூடுதலாக ஊற்றுவதும் கெடுதல்தான், நுரைத்துவிடும்.

முதல் ஓட்டத்தைப் புனலூர்ப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி வண்டிக்கடியில் ஒரு அட்டையை விரித்துவிட்டுப் படுங்கள். காலையில் அட்டையில் சிவப்புப் பொட்டு இல்லையென்றால் ஆரியங்காவு வரை ஏறிப் பாருங்கள். இறங்கும்போது 'எல்'லில், அதாவது லோ கியரில், போட்டு இறங்குங்கள்.