மீன் தென்படாத ஓடையின் கரையில் மரம் வெட்டலாமா?

கேள்வி: அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் எங்களுக்கு டக்ளஸ் ஃபிர் என்னும் ஊசியிலை மரங்கள் நிறைந்த 30 ஏக்கர் காடு இருக்கிறது. அதன் தாழ்வான பக்கத்தில் மூன்றடி அகல ஓடை ஒன்று உண்டு. கோடையில் அது ஏறக்குறைய வற்றிவிடும். அதில் மீனைப் பார்த்ததே இல்லை. கரை வரை மரம் வெட்டலாமா?

பதில்: கூடாது. மேற்கு வாஷிங்டனில், நீர் கரைமட்டம் நிறைந்து ஓடும்போது இரண்டடியோ அதற்கு மேலோ அகலமும், 16 சதவீதத்துக்கு மிகாத சரிவும் உள்ள ஓடை, முறையான ஆய்வு வேறுவிதமாகக் காட்டாதவரை, மீன் வாழும் ஓடையாகவே கருதப்படும். ஆகஸ்டில் தெரியும் நீரின் அகலத்தை அளந்து ஏமாந்துவிடாதீர்கள்; கரையில் பாசி முடியும் கோட்டையும் வெள்ளம் அரித்து வெளிப்பட்ட வேர்களையும் வைத்தே அளக்க வேண்டும். கோஹோ சால்மன் குஞ்சுகள் குளிர்கால வெள்ளத்துக்குத் தப்பி ஒதுங்குவது இத்தகைய சிற்றோடைகளில்தான் என்பதால், கோடையில் மட்டும் பார்ப்பவர் கண்ணில் அவை படுவதில்லை.

அந்த வகையில் சேர்ந்தால், கரை விளிம்பிலிருந்து முதல் 50 அடிக்குள் மரம் வெட்டக் கூடாது. அதற்கு அப்பாலும் மண்ணின் வளத்தைப் பொறுத்துக் கட்டுப்பாடுகள் தொடரும். இது நிழலுக்காக மட்டுமல்ல. ஓடையில் சாய்ந்து விழும் பெருமரங்களே நீரைத் தடுத்து மடுக்களை உண்டாக்குகின்றன, சரளையையும் பிடித்து வைக்கின்றன. விழுந்த மரம் மீனுக்குத் தடை என்றெண்ணி அரசுத் துறைகளே அவற்றை அகற்றிய காலமும் இருந்தது. அது தவறு என்று பின்னர் தெரிந்தது.

இருந்தாலும் என் கவலை மரத்தைவிடக் காட்டுக்குள் செல்லும் மண் பாதையைப் பற்றியதுதான். பெண் சால்மன் வாலால் சரளையைத் தோண்டி முட்டையிடும். அந்தப் பாதையிலிருந்து வழியும் நுண்வண்டல் அந்தச் சரளையின் இடுக்குகளை அடைத்துவிட்டால், முட்டைக்கு ஆக்சிஜன் எட்டாது. பாதை ஓடையைக் கடக்கும் இடத்தில், அடியில் ஓடை நீரைக் கொண்டுசெல்லும் பழைய குழாய் இருந்தால், அதன் கீழ்வாயைப் பாருங்கள். நீர் அருவிபோல் கொட்டினால், குஞ்சுகளால் அதைத் தாண்ட முடியாது.

அந்தக் குழாயை மாற்றும் செலவில் பெரும்பகுதியை ஏற்கும் அரசுத் திட்டம் சிறு வன உரிமையாளர்களுக்கு 2003 முதல் உள்ளது. வெட்டாமல் விடும் கரையோர மரங்களுக்கு இழப்பீடு தரும் திட்டமும் தனியே உண்டு. ஆகவே வெட்டும் அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன்பே, மாநில இயற்கை வளத் துறையின் சிறு வன உரிமையாளர் அலுவலகத்தை அழைத்து, அவர்களுடன் ஓடையை ஒருமுறை நடந்து பாருங்கள். முடிந்தால் ஜனவரி மழையில்.